துறையும் விதியும்: மண்டூர் வாவிக்கரையில் ஒரு வியாபார விளையாட்டு

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரைகள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரையில் மீனும் தென்னையும் நெசவும் கடைத்தெருவும் உண்டு. வாவிக்கு மேற்கே பரந்து கிடக்கும் படுவான்கரையில் வயலும் மாடும் காடும் உண்டு. ஒரு கரையில் மிஞ்சுவது மறுகரையில் குறைவாக இருக்கும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவியைச் சுற்றிப் போக நேரமும் செலவும் ஆகும். ஆகவே குறுக்கே போனார்கள். அப்படிப் போய் ஏறிய இடமும் இறங்கிய இடமுமே துறைகள். அம்பிளாந்துறை, மண்முனைத்துறை என்று ஊர்ப்பெயரிலேயே அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டது. வாவியின் தென்பகுதியில் படுவான்கரையிலுள்ள மண்டூரையும், அதற்கு எதிரே எழுவான்கரையிலுள்ள குருமண்வெளியையும் இணைத்து வந்தது, நாம் 'பாதை' என்று சொல்லும் மிதவை.

மண்டூர் பெரிய கப்பல்கள் வந்து நின்ற கடற்றுறைமுகம் அன்று. ஒரு வாவித்துறைதான். ஆனால் துறைமுகம் ஒன்றின் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று படிக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. இரண்டு கரை, ஒரு நீர், சில தோணிகள், எட்டுச் சரக்குகள். இவற்றை வைத்து மேசையில் விளையாடக்கூடிய ஒரு வியாபார விளையாட்டை இக்கட்டுரையில் அமைத்துப் பார்ப்போம். விதிகளை நாமே எழுதுவோம். எழுதிய விதி சரியா, பிழையா என்று கணக்குப் போட்டும் பார்ப்போம்.

கதைவேட விளையாட்டு

கரம் போலவோ சதுரங்கம் போலவோ அல்லாத ஒரு விளையாட்டு வகை உண்டு. ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக வேடமேற்று, அந்த ஆள் என்ன செய்வாரோ அதைச் சொல்லி, கதையை வளர்த்துச் செல்வார்கள். ஒருவர் கதைசொல்லியாக இருந்து உலகத்தை விவரிப்பார். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு இவ்வகைக்கு வழிதிறந்தது. அதில் வாளும் மந்திரமும் முதன்மை. 1977இல் வந்த 'டிராவலர்' என்ற விளையாட்டில் வியாபாரமும் இடம்பெற்றது. ஒரு கிரகத்துத் துறையில் சரக்கு வாங்கி இன்னொரு கிரகத்துத் துறையில் விற்று, விண்கப்பலின் செலவை ஈடுசெய்ய வேண்டும்.

விண்கப்பலை விட்டுத் தோணியில் ஏறுவோம். எமது கதை நடப்பது பழைய காலத்தில், ஆண்டு குறிப்பிடாத ஒரு கற்பனை மண்டூரில். விளையாட ஆறு பேர் போதும். மூன்று பேர் வியாபாரிகள். ஆளுக்கு ஒரு தோணி. ஒருத்தி வயலும் முதலும் உள்ள போடியார். ஒருத்தி துறைக்காரி, துறையில் தீர்வை வாங்குவதும், விளக்கு ஏற்றுவதும், ஆபத்தில் ஆள் அனுப்புவதும் அவள் பொறுப்பு. ஆறாமவள் கதைசொல்லி, கணக்குக் கொப்பியும் அவளிடமே இருக்கும்.

தேவையானவை: காசுக்குப் புளியங்கொட்டைகள், விலை எழுத ஒரு சிலேற்று, ஒரு சிரட்டை, 12 துண்டுக் கடதாசிகள். பகடை வேண்டாம். பகடை உருட்டுவதை மார்க்கம் வெறுப்பது எம்மவர் அறிந்ததே. இந்த விளையாட்டுக்கு அது தேவையும் இல்லை. உண்மைக் காசு மேசைக்கு வரக்கூடாது, பந்தயமும் கூடாது. விளையாட்டு முடிந்ததும் புளியங்கொட்டை முழுவதும் பைக்குத் திரும்பிப் போகும்.

முதலாம் விதி: விலை

ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டு விலை. விளையும் கரையில் மலிவு. இல்லாத கரையில் உயர்வு. ஒரு பொதிக்கான விலையை இப்படி வைத்துக்கொள்வோம்.

மண்டூரில் வாங்கிக் குருமண்வெளியில் விற்பவை:
நெல்: வாங்க 3 காசு, விற்க 5 காசு
தயிர்: வாங்க 2, விற்க 4
தேன்: வாங்க 6, விற்க 9
விறகு: வாங்க 1, விற்க 2

குருமண்வெளியில் வாங்கி மண்டூரில் விற்பவை:
மீன்: வாங்க 3, விற்க 6
தேங்காய்: வாங்க 2, விற்க 3
கருவாடு: வாங்க 4, விற்க 7
புடவை: வாங்க 8, விற்க 12

ஒரு தோணி 8 பொதி ஏற்றும். ஒரு தடவை வாவியைக் கடக்க ஒருநாள். ஓடக்கூலி 2 காசு. விற்ற தொகையில் பத்துக்கு ஒன்று துறைக்குத் தீர்வை. பின்னம் வந்தால் விட்டுவிடலாம். ஒவ்வொரு வியாபாரியும் 40 காசுடன் தொடங்குவாள்.

இவ்வளவுடன் நின்றால் விளையாட்டு ஒரே நாளில் அலுத்துவிடும். எல்லோரும் அதிக லாபம் தரும் ஒரே சரக்கைத் தோணி நிறைய ஏற்றுவார்கள். உண்மையான சந்தையில் அப்படி நடக்காததற்குக் காரணம், வாங்க வாங்க விலை ஏறும், விற்க விற்க விலை இறங்கும் என்பதே. அதை ஒரு வரியில் விதியாக்கலாம்: ஒரு சரக்கில் இரண்டு பொதி வாங்கினால் அதன் விலை 1 காசு ஏறும், இரண்டு பொதி விற்றால் 1 காசு இறங்கும். ஒவ்வொரு நாள் முடிவிலும் எல்லா விலையும் பழைய விலையை நோக்கி 1 காசு திரும்பி வரும்.

இந்த ஒரு வரி என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு வியாபாரி தோணி முழுவதும் நெல் ஏற்றுகிறாள். எட்டுப் பொதிக்கும் அவள் கொடுப்பது 3, 3, 4, 4, 5, 5, 6, 6. மொத்தம் 36 காசு. மறுகரையில் அவளுக்குக் கிடைப்பது 5, 5, 4, 4, 3, 3, 2, 2, மொத்தம் 28. ஓடக்கூலி 2, தீர்வை 2. கையிலிருந்து போனது 12 காசு.

இன்னொருத்தி நெல், தயிர், தேன், விறகு நான்கிலும் இவ்விரண்டு பொதி ஏற்றுகிறாள். வாங்கியது 24 காசுக்கு. விற்றது 40 காசுக்கு. ஓடக்கூலி 2, தீர்வை 4. மிச்சம் 10 காசு. தோணி ஒன்றுதான், நாளும் ஒன்றுதான். ஒருத்திக்கு 12 நட்டம், மற்றவளுக்கு 10 லாபம். உயர்தரத்தில் வணிகம் படிக்கும் மாணவிகள் கேள்வியும் வழங்கலும் என்று வரைபுகளில் படிப்பது இதையே. ஒன்பதாம் ஆண்டு மாணவிக்கு இதைப் புளியங்கொட்டையால் விளக்கிவிடலாம்.

திருவிழாவும் பெருநாளும் விலையை மாற்றும். மண்டூர் முருகன் கோயில் திருவிழாக் காலத்தில் தேங்காய்க்கு 2 காசு கூட வைக்கலாம். பெருநாளுக்கு முந்திய நாட்களில் குருமண்வெளித் துறையில் தேனுக்கும் தயிருக்கும் கூட வைக்கலாம். எந்த நாள், எந்தச் சரக்கு என்று கதைசொல்லி முன்கூட்டியே சிலேற்றில் எழுதிவிட வேண்டும்.

இரண்டாம் விதி: வாவி

நீர் எப்போதும் ஒரே மாதிரி இராது. 12 துண்டுக் கடதாசிகளில் 8இல் 'அமைதி' என்றும், 3இல் 'காற்று' என்றும், 1இல் 'கவிழ்ந்தது' என்றும் எழுதிச் சிரட்டையில் போடுங்கள். கரையை விட்டுப் புறப்படும் ஒவ்வொரு தோணிக்கும் ஒரு துண்டு. எடுத்த துண்டை மீண்டும் போடுவதில்லை. மூன்று வியாபாரிகள் நான்கு நாள் ஓடினால் 12 துண்டும் தீரும். அது ஒரு பருவம்.

அமைதி என்றால் அன்றே கரை சேரலாம். காற்று என்றால் ஒருநாள் தாமதம். மீனும் தயிரும் பாதி விலைக்கே போகும். கவிழ்ந்தால் என்ன என்பதை அடுத்த விதியில் பார்ப்போம்.

வடகீழ்ப் பருவ மழைக்காலத்தில் வாவி பெருகி, முகத்துவாரத்தில் மணல்மேட்டை வெட்டிவிடும் நிலைகூட வரும். அந்தப் பருவத்துக்குத் துண்டுகளை மாற்றுங்கள்: அமைதி 5, காற்று 5, கவிழ்தல் 2.

துண்டுகளை எண்ணிக்கொண்டு விளையாடும் மாணவி ஒன்றைக் கவனிப்பாள். அமைதியான பருவத்தில் எட்டுத் துண்டுகள் எடுத்தும் 'கவிழ்ந்தது' வரவில்லை என்றால், மிஞ்சிய நான்கில் ஒன்று அதுதான். தொடக்கத்தில் பன்னிரண்டில் ஒன்றாக இருந்த ஆபத்து இப்போது நான்கில் ஒன்று. நிகழ்தகவுப் பாடம் இங்கே தானாக வந்துவிடுகிறது.

மட்டக்களப்பு வாவி பாடும் மீனுக்குப் பேர்போனது. கற்பனைக் கதைக்கு அதைவிட நல்ல துணை இல்லை. 'மீன்பாட்டுக் கேட்டல்' என்று ஒரு சிறு விதி வைப்போம். புறப்படுமுன் ஒரு வியாபாரி துண்டை எடுத்துத் தான் மட்டும் வாசிக்கலாம். வாவி இன்று சரியில்லை என்று மீன்பாட்டு அவளுக்குச் சொல்லிவிட்டது. பயப்பட்டால் துண்டைத் திரும்பப் போட்டுவிட்டு அன்று கரையிலேயே இருக்கலாம். அதற்கு விலை ஒருநாள். தோணியில் தயிர் இருந்தால் அது பாதி விலைக்கு இறங்கும். அறிவு இலவசமாகக் கிடைப்பதில்லை.

மூன்றாம் விதி: கவிழ்ந்த தோணி யாருடையது?

இந்த விளையாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. விலைப்பட்டியலை எவரும் எழுதிவிடலாம். கவிழ்ந்த தோணியின் சரக்கு கரையொதுங்கினால் அது யாருக்கு? நீரில் போட்டவளுக்கா, கரையில் எடுத்தவருக்கா, துறைக்கா?

இந்தக் கேள்விக்கு எமது நாட்டிலேயே தமிழில் எழுதப்பட்ட ஒரு பழைய விடை உண்டு. பொலநறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் கல்வெட்டு ஒன்று யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான நயினாதீவில் இருக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். சிங்கள மன்னனின் கட்டளைதான். ஆனால் அது தமிழில் பொறிக்கப்பட்டது.

அது சொல்வதன் சாரம் இதுவே. பரதேசி வியாபாரிகள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். பல துறைகளிலுள்ளவர்களும் எமது துறையில் வந்து கூட வேண்டும். யானை, குதிரை ஏற்றி வந்த கப்பல் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வியாபாரச் சரக்கு ஏற்றிய கப்பல் கெட்டால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. யானையும் குதிரையும் தமக்கு விருப்பமானவை என்று மன்னன் காரணமும் சொல்கிறான்.

ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளித் துறையில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் வெட்டுவித்த கல்வெட்டும் இதே விடயத்தையே பேசுகிறது. முந்திய அரசர்கள் உடைந்த கப்பலின் பொருள் முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். தான் உரிய தீர்வையை மட்டும் எடுத்து மற்றதை விட்டுவிடுவதாக அவன் அறிவித்தான். கடல் தாண்டி வருவோரின் அச்சத்தைப் போக்குவதே இரு கல்வெட்டுகளின் நோக்கமும்.

இப்போது மண்டூருக்கு வருவோம். தோணி கவிழ்ந்தால் ஆட்களையும் சரக்கையும் கரைசேர்க்கத் துறைக்காரி 8 காசு செலவிட வேண்டும்: மீட்புத் தோணி, ஆட்கூலி, விளக்கெண்ணெய். நனைந்த சரக்கு கரையில் ஏலத்தில் பாதி விலைக்குப் போகும். 40 காசுச் சரக்கு 20 காசாகிவிடும். ஓடக்கூலியும் தீர்வையும் அந்தப் பயணத்துக்கு இல்லை. இந்த 20 காசை எப்படிப் பிரிப்பது? நான்கு வழிகளைப் பார்க்கலாம்: துறைக்கு முழுதும், துறைக்குப் பாதி, துறைக்கு நாலில் ஒன்று, துறைக்கு ஒன்றுமில்லை.

மழைப் பருவத்தின் 12 பயணங்களையும் எடுத்துக் கணக்குப் போடுவோம். இலகுவுக்காக எல்லோரும் 24 காசுக்கு வாங்கிய அதே நான்கு சரக்கைக் கொண்டு போகிறார்கள் என்றும், விலை ஒவ்வொரு தடவையும் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். அமைதியான 5 பயணத்தில் ஒவ்வொன்றுக்கும் 10 காசு லாபம்: 50. காற்றடித்த 5 பயணத்தில் தயிர் பாதி விலை, தீர்வை 3, ஒவ்வொன்றுக்கும் 7 காசு லாபம்: 35. கூட்டினால் 85. இரண்டு தோணிகள் கவிழ்கின்றன. துறைக்குக் கிடைத்த தீர்வை மொத்தம் 35. மீட்புச் செலவு 16.

துறை முழுதும் எடுத்தால்: வியாபாரிகளுக்கு 37, துறைக்கு 59.
துறை பாதி எடுத்தால்: வியாபாரிகளுக்கு 57, துறைக்கு 39.
துறை நாலில் ஒன்று எடுத்தால்: வியாபாரிகளுக்கு 67, துறைக்கு 29.
துறை ஒன்றும் எடுக்காவிட்டால்: வியாபாரிகளுக்கு 77, துறைக்கு 19.

நான்கு வரிகளையும் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 96. விதி புதிதாக ஒரு காசும் உண்டாக்கவில்லை. இருக்கும் நட்டம் யார் தலையில் விழ வேண்டும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. ஒரு பருவத்தோடு விளையாட்டு முடிந்துவிடும் என்றால் 'முழுதும் எனக்கே' என்று சொல்லும் துறைக்காரிதான் வென்றவள்.

ஆனால் அடுத்த பருவம் வரும். ஆகவே ஒரு வரியைச் சேருங்கள்: ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வியாபாரிகள் தாம் போகும் துறையை மாற்றிக்கொள்ளலாம். மண்டூருக்குப் பக்கத்தில் கதைசொல்லி நடத்தும் இன்னொரு கற்பனைத் துறையில் 'பாதி உனக்கு' என்று ஒரு பலகை நிற்கிறது. ஒரு பயணத்துக்குச் சராசரி 3 காசு மிஞ்சும் மண்டூருக்கு எந்த வியாபாரி வருவாள்? துறைக்காரியின் 59 காசு அடுத்த பருவத்தில் பூச்சியமாகும். தீர்வையும் போய்விடும்.

அப்படியானால் ஒன்றுமே எடுக்காமல் விட்டுவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல். ஒவ்வொரு கவிழ்தலிலும் துறைக்கு 8 காசு செலவு, வரவு எதுவுமில்லை. விளக்குக்கு எண்ணெய் ஊற்றவும், நள்ளிரவில் ஆளை எழுப்பித் தோணி தள்ளவும் துறைக்காரிக்கு மனம் வருமா? பாதி எடுத்தால் 10 காசு கிடைக்கிறது. 8 காசுச் செலவு அடைபட்டு 2 காசு மிஞ்சுகிறது. நாலில் ஒன்று என்றால் 5 காசுதான். 3 காசு கைவிட்டுப் போகிறது.

நயினாதீவுக் கல்வெட்டை இப்போது மீண்டும் நினைத்துப் பாருங்கள். சாதாரணச் சரக்குக்குப் பாதி. யானை, குதிரைக்கு நாலில் ஒன்று. தனக்கு மிகவும் வேண்டிய பொருளைக் கொண்டு வருபவனுடைய நட்டத்தில் மன்னன் கூடுதலாகத் தோள் கொடுக்கிறான். எங்கள் எண்கள் கற்பனையானவை. கல்வெட்டின் ஒழுங்கு கற்பனையன்று. ஒரு துறை எதை விரும்புகிறது என்பதை அதன் விதியை வாசித்தே அறியலாம்.

ஆகவே விளையாடத் தொடங்குமுன் எல்லோரும் கூடி ஒன்றைத் தீர்மானியுங்கள். எங்கள் மண்டூருக்கு யானையும் குதிரையும் வேண்டாம். நாலில் ஒரு பங்குச் சலுகையை எந்தச் சரக்குக்குக் கொடுப்பீர்கள்? விதைநெல்லுக்கா, மருந்துக்கா, புத்தகத்துக்கா? அந்தச் சலுகையால் துறைக்கு வரும் நட்டத்தை எந்த வருமானத்தில் ஈடுசெய்வீர்கள்? இந்தப் பேச்சு அரைமணி நேரம் நீடித்தாலும் குறைக்க வேண்டாம். விளையாட்டின் முக்கால்வாசிப் பயன் அதில்தான் இருக்கிறது.

நான்காம் விதி: செய்தி

மறுகரையின் இன்றைய விலை அங்கு போய்ச் சேர்ந்தவளுக்குத்தான் தெரியும். சிலேற்றில் ஒரு பக்கம் மண்டூர் விலை, மறுபக்கம் குருமண்வெளி விலை. எந்தக் கரையில் நிற்கிறாளோ அந்தப் பக்கத்தை மட்டுமே வியாபாரி பார்க்கலாம்.

இங்கே ஒரு தந்திரம் கிளம்பும். குருமண்வெளியில் தேன் விலை ஏறியதைக் கண்டு திரும்பிய வியாபாரி, காட்டுப்பக்கமிருந்து தேன் கொண்டு வருபவரைத் துறைக்கு வரவிடாமல் வழியிலேயே மறித்து, பழைய விலைக்கு முழுவதையும் வாங்கிவிடலாம். சந்தைக்கு வரும் சரக்குக் கூட்டத்தாரை அவர்கள் சந்தையை அடையுமுன் எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது எமது மாணவிகள் இஸ்லாம் பாடத்தில் படித்ததே. அதன் நியாயம் என்ன என்பதை இந்த விளையாட்டில் கண்ணால் காணலாம். முதற்பருவத்தில் மறித்து வாங்க அனுமதியுங்கள். இரண்டாம் பருவத்தில் தடுத்துவிடுங்கள். இரண்டு பருவத்திலும் தேன்காரரின் கைக்கு வந்த காசை ஒப்பிட்டுப் பாருங்கள். தடுத்த பிறகும் வியாபாரிக்கு லாபம் கிடைக்கும். விற்பவரின் அறியாமையிலிருந்து வந்த லாபம் மட்டும் குறையும்.

ஐந்தாம் விதி: முதல்

கவிழ்ந்து நொடித்துப்போன வியாபாரி மீண்டும் எழும்ப வழி வேண்டும். போடியாரிடம் முதல் இருக்கிறது. இரண்டு ஏற்பாடுகளைப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

முதலாவது, வட்டிக்கடன். 24 காசு வாங்கினால் என்ன நடந்தாலும் 27 காசு திருப்பிக் கொடுக்க வேண்டும். அமைதியான நாளில் வியாபாரிக்கு 10 காசு லாபத்தில் 7 மிஞ்சும். கவிழ்ந்த நாளில், துறை பாதி எடுத்தால் அவள் கையில் 10 காசுதான் இருக்கும்; கொடுக்க வேண்டியது 27. உழைப்பும் போய், 17 காசுக் கடனும் தலையில் விழும். போடியாருக்கோ கணக்கில் ஒரு நட்டமும் இல்லை.

இரண்டாவது, முழாரபா என்ற கூட்டு. முதல் போடியாருடையது, உழைப்பு வியாபாரியுடையது, லாபத்தில் ஆளுக்குப் பாதி என்று முன்கூட்டியே பேசிக்கொள்கிறார்கள். அமைதியான நாளில் ஆளுக்கு 5 காசு. கவிழ்ந்தால், வியாபாரியின் கவனக்குறைவு இல்லாதவரை, 14 காசு நட்டம் முதலைச் சேரும். வியாபாரிக்கு அவளுடைய உழைப்பு நட்டம். லாபத்தில் பங்கு கேட்பவர் நட்டத்திலும் நிற்கிறார். கதீஜா (ரலி) அவர்கள் தம் முதலைப் பிறரிடம் ஒப்படைத்து வியாபாரம் செய்த சீமாட்டி என்பதும், நபி (ஸல்) அவர்கள் அந்த முதலுடன் சிரியாவுக்குப் பயணம் போனதும் எமக்குத் தெரிந்த வரலாறு. போடியாரின் வேடத்தை ஏற்கும் மாணவி அதை நினைத்துக்கொண்டு விளையாடலாம்.

இந்த இரண்டாவது ஏற்பாட்டில் போடியார் ஒன்றைக் கவனிக்கத் தொடங்குவாள். மழைக்காலத்தில் தோணியை அனுப்பலாமா, தயிரை ஏற்றலாமா, துறையின் பங்கு எவ்வளவு என்பதெல்லாம் இப்போது அவளுடைய கவலையும்கூட. வட்டிக்குக் கொடுத்தபோது அவளுக்கு அந்தக் கவலை இல்லை.

நிறுவையும் நம்பிக்கையும்

விதிகள் ஐந்தும் எழுதியாயிற்று. இன்னொன்று விதியில் எழுதாமலே வேலை செய்கிறது. நெற்பொதி நிறைவாகத்தான் இருக்கிறது என்று வாங்குபவள் நம்புகிறாள். கரையில் ஏலம் போட்ட காசைத் துறைக்காரி ஒளிக்கவில்லை என்று வியாபாரி நம்புகிறாள். அளவையில் மோசம் செய்வோரின் பெயராலேயே குர்ஆனின் 83ஆவது சூரா அழைக்கப்படுகிறது. அவ்வளவு பெரிய விடயம் அது.

விளையாட்டில் இதைச் சோதிக்க விரும்பினால், ஒரு பருவத்தில் மட்டும் குறைப்பொதி விற்கும் உரிமையை ஒரு வியாபாரிக்கு இரகசியமாகக் கொடுங்கள். அது வெளிப்பட்டதும் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு பொதியையும் அவிழ்த்துப் பார்க்கத் தொடங்குவார்கள். அதற்கு நேரம் போகும். பிறகு அவளிடம் வாங்குவதை விடுவார்கள். அதற்கும் பிறகு, அவளுடைய கரையிலிருந்து வருபவர் எல்லோரையும் சந்தேகிப்பார்கள். குறைத்தவள் ஒருத்தி, விலை கொடுப்பது ஒரு கரை முழுவதும்.

இந்த இடத்தில் விளையாட்டுக்கும் எமது வாழ்க்கைக்கும் தூரம் அதிகமில்லை. படுவான்கரை நெல்லும் தயிரும், காத்தான்குடி, மருதமுனைத் தறிகளின் புடவையும், தமிழர் கையிலிருந்து முஸ்லிம் கைக்கும் முஸ்லிம் கையிலிருந்து தமிழர் கைக்கும் மாறி மாறி வந்த பகுதி இது. போர்க்காலத்தில் கரைக்குக் கரை போவது தடைக்கும் சோதனைக்கும் அச்சத்துக்கும் உரியதாயிற்று. ஆளை ஆள் நம்பாத நாட்களும் வந்தன. அந்த நாட்களில் விளைந்த நெல் விலைபோகாமல் கிடந்தால் நட்டம் ஒரு கரைக்கு; அதை வாங்க வழியில்லாமல் போனால் நட்டம் மறுகரைக்கு. சிலேற்றின் இரு பக்கத்து விலையையும் பார்த்தாலே அது விளங்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இவ்விளையாட்டுக்குத் தொலைபேசி வேண்டாம், காசு வேண்டாம். விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் போதும். பிள்ளைகள் கணக்குக் கொப்பியை ஒழுங்காக எழுதுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. முற்காலத்தில் எந்தத் துறையில் எந்தச் சரக்கு ஏறியது, தோணிக்காரர் எப்போது புறப்பட மறுப்பார், கடன் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்து வந்தால் அதுவே விலைப்பட்டியலுக்கு உயிர் கொடுக்கும்.

பயிற்சிகள்

1. குருமண்வெளியில் மீன், தேங்காய், கருவாடு, புடவை நான்கிலும் இவ்விரண்டு பொதி வாங்கி மண்டூரில் விற்றால் அமைதியான நாளில் மிஞ்சுவது எவ்வளவு? (விடை: 15 காசு.) படுவான்கரைச் சரக்கில் 10, எழுவான்கரைச் சரக்கில் 15. இது போடியாருக்கும் வயலில் வேலை செய்வோருக்கும் நியாயமா? எந்த ஒரு விலையை மாற்றினால் இந்த இடைவெளி குறையும்?

2. அமைதியான பருவத்தின் 12 பயணங்களுக்கும் மேலே சொன்ன நான்கு பங்கீடுகளின்படி கணக்குப் போடுங்கள். வியாபாரிகளுக்குக் கிடைப்பவை 77, 87, 92, 97 என்று வர வேண்டும். மழைப் பருவத்தைவிட இங்கே வித்தியாசம் குறைவாக இருப்பது ஏன்?

3. துறை பாதி எடுக்கிறது. ஆனால் மீட்புச் செலவு 8 காசிலிருந்து 12 காசாகிறது. தீர்வையைக் கூட்டுவீர்களா, பங்கைக் கூட்டுவீர்களா? இரண்டில் எது வியாபாரிகளை அடுத்த துறைக்கு விரட்டும்?

4. உங்கள் வீட்டில் அல்லது அயலில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் வாவித்துறை ஒன்றைப் பற்றிக் கேட்டு, அவர் சொல்லும் சரக்குகளை வைத்துப் புதிய விலைப்பட்டியல் ஒன்று தயாரியுங்கள்.

5. உங்கள் குழு நாலில் ஒரு பங்குச் சலுகை கொடுத்த சரக்கு எது, ஏன் என்பதை ஐந்து வரிகளில் எழுதிக் கணக்குக் கொப்பியின் முதற்பக்கத்தில் ஒட்டுங்கள். கொப்பியை அடுத்த குழுவிடம் ஒப்படையுங்கள். அவர்கள் அந்த விதியை மாற்றினால் காரணத்தையும் எழுதும்படி கேளுங்கள்.